மாதவிடாய் நின்ற பின் தசை வலிமை, ஹார்மோன் சிகிச்சை, தவறி விழுதல்

மாதவிடாய் நிலையாக நின்றுவிட்ட பெண்களின் உடலில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனை மாத்திரையாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ, பூசும் களிம்பாகவோ திரும்பக் கொடுப்பது ஹார்மோன் சிகிச்சை எனப்படும். திடீரென உடல் கொதிப்பது, இரவில் வியர்ப்பது, உறக்கம் கெடுவது போன்ற தொல்லைகளைக் குறைக்கவே இது முதன்மையாகப் பயன்படுகிறது. எலும்பு தேய்வதையும் இது தடுக்கிறது. இதே சிகிச்சை தசை வலிமையையும் காக்குமா, அதனால் வயதான பெண்கள் தவறி விழுவது குறையுமா என்பது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வரும் கேள்வி. அதற்குக் கிடைத்துள்ள விடையையும், விழாமல் இருக்க உறுதியாகப் பயன் தருபவை எவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திருநீர்மலைப் படிகள்

தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட திருநீர்மலை, 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்திலும், மலைமேல் நரசிம்மர் இருந்த கோலத்திலும், அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் காட்சி தருகின்றனர். சனிக்கிழமைக் காலையில் மலையடிவாரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். நாற்பது வயதுப் பெண்கள் பேசிக்கொண்டே ஏறுகின்றனர். அறுபதைக் கடந்தவர்கள் முழங்காலில் கையூன்றி ஏறுகின்றனர். எழுபதைக் கடந்த பலர் அடிவாரத்துச் சந்நிதியில் சேவித்துவிட்டு, "மேலே நீங்க போயிட்டு வாங்க" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்கின்றனர்.

நிற்பது, உட்காருவது, படுத்து எழுவது, நடப்பது என்ற இந்த நான்கையும்தான் முதியோர் மருத்துவரும் சோதித்துப் பார்க்கிறார். இவற்றில் ஒன்று தடுமாறினாலும் விழும் வாய்ப்பு கூடுகிறது. "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இத்தடுமாற்றத்தில் கணிசமான பகுதி திருத்தக்கூடியது. படியேற முடியாமல் போவது முதல் அறிகுறி. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது அதன் தொடர்ச்சி.

தவறி விழுதல் எவ்வளவு பெரிய சிக்கல்?

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுந்து இறக்கின்றனர். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு அடிபடும் நிகழ்வுகள் ஆண்டுக்கு 3 கோடியே 73 இலட்சம். இறப்பு விகிதம் மிகுதியாக இருப்பது 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே.

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில மக்களில் 10.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2021ஆம் ஆண்டுக்கு இது 13.6 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. கேரளத்துக்கு அடுத்த நிலை இது. முதியவர்களுள் பெண்களே அதிகம். அவர்களுள் பலர் கணவரை இழந்து தனியாகவோ, வேலைக்குச் செல்லும் பிள்ளைகளின் வீட்டில் பகலில் தனியாகவோ இருக்கின்றனர்.

மாதவிடாய் நிற்கும்போது உடலில் நடப்பது

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டதாகக் கொள்வர். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலை நாடுகளில் ஏறக்குறைய 51 வயது. அதாவது நம் பெண்கள் சில ஆண்டுகள் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜனின் பாதுகாப்பை இழக்கின்றனர்.

ஈஸ்ட்ரோஜனைப் பெரும்பாலும் சூலகங்கள் சுரக்கின்றன. அது கருப்பைக்கு மட்டும் உரிய ஹார்மோன் என்று நினைப்பது தவறு. எலும்பு, தசை, மூளை, இரத்தக் குழாய் ஆகிய பல இடங்களிலும் அதன் ஏற்பிகள் உள்ளன. ஏற்பி என்பது பூட்டு, ஹார்மோன் அதற்குரிய சாவி என்று மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். சாவி குறைந்துவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை.

எலும்பில் பழைய பகுதி அரிக்கப்படுவதும் புதிய பகுதி கட்டப்படுவதும் வாழ்நாள் முழுதும் நடக்கும். ஈஸ்ட்ரோஜன் அரிக்கும் வேலையை அடக்கி வைக்கிறது. அது குறைந்ததும் அரிப்பு மிஞ்சுகிறது, எலும்பு மெலிகிறது. மாதவிடாய் நிற்பதற்கும் எலும்பு மெலிவுக்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941இல் எடுத்துக்காட்டினார்.

தசை நலிவு

முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. அளவு குறைவதைவிட வலிமை இன்னும் விரைவாகக் குறைகிறது. இந்நிலைக்கு 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்னும் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் சார்க்கோபீனியா என்று பெயரிட்டார். சதை, இழப்பு என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் தசை நலிவு எனலாம்.

நம் தசையில் இரண்டு வகை இழைகள் உள்ளன. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை. விரைவாகச் சுருங்கிச் சட்டென வலிமை தருபவை மற்றொரு வகை. முதுமையில் முதலில் மெலிவது இரண்டாவது வகை. கால் வழுக்கும்போது அடுத்த காலைச் சட்டென முன்வைத்து உடலைத் தாங்குவது அந்த விரைவு இழைகளே. ஆகவேதான் தினமும் அரைமணி நேரம் மெதுவாக நடக்கக்கூடிய ஒரு பாட்டி, ஈரத்தரையில் வழுக்கும் ஒரு நொடியில் தம்மைக் காத்துக்கொள்ள முடியாமல் விழுகிறார்.

தசை இழைகளின் ஓரத்தில் அவற்றைப் பழுதுபார்க்கும் துணைச் செல்கள் உள்ளன. இவை குறையாமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் தேவை என்பது எலிகளில் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிப் பெண்களின் வலிமை குறையத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தால் தசையும் திரும்புமா என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறந்தது.

ஹார்மோன் சிகிச்சையின் கதை

கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942இல் பிரெமரின் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966இல் இராபர்ட் வில்சன் என்னும் மருத்துவர், மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை அதைப் போக்கும் என்று நூல் எழுதினார். இலட்சக்கணக்கான பெண்கள் மாத்திரைக்கு மாறினர்.

1975இல் முதல் தடை வந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொள்ளும் பெண்களுக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் கூடுவதாக ஆய்வுகள் காட்டின. அதன்பின், கருப்பை உள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இந்த வேறுபாடு இன்றும் அடிப்படையானது.

பெண்கள் நல முன்னெடுப்பு ஆய்வு

மாத்திரையின் நன்மை தீமைகளை உறுதியாக அறிய அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1991இல் பெண்கள் நல முன்னெடுப்பு என்ற பேராய்வைத் தொடங்கின. அதன் ஒரு பிரிவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்கள் இருந்தனர். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு இரு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது.

தீமை மிகுந்ததால், 2002 ஜூலையில் இப்பிரிவு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு உட்கொண்டால் என்ன ஆகும் என்ற கணக்கில் முடிவுகள் இவை:

மார்பகப் புற்றுநோய்: 30 பேருக்குப் பதில் 38 பேர்.
மாரடைப்பு போன்ற இதய நோய்: 30க்குப் பதில் 37.
பக்கவாதம்: 21க்குப் பதில் 29.
நுரையீரலில் இரத்த உறைவு: 8க்குப் பதில் 16.
பெருங்குடல் புற்றுநோய்: 16க்குப் பதில் 10.
இடுப்பெலும்பு முறிவு: 15க்குப் பதில் 10.

இந்தப் பட்டியலை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். "நுரையீரல் இரத்த உறைவு இருமடங்கு" என்று சொன்னால் அச்சமாக இருக்கும். "பத்தாயிரம் பேரில் எட்டுப் பேர் கூடுதல்" என்றால் அதே செய்தி வேறாகத் தெரியும். "இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது" என்ற நற்செய்தியும் அப்படியே. உண்மையில் குறைந்தது பத்தாயிரத்தில் ஐந்து. விகிதத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த மற்றொரு பிரிவு 2004இல் நிறுத்தப்பட்டது. அதில் பக்கவாதம் கூடியது, இடுப்பெலும்பு முறிவு குறைந்தது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 65 வயதுக்கு மேல் இரு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கியவர்களிடம் மறதி நோய் ஏறத்தாழ இருமடங்கானது என்பது தனியே கண்டறியப்பட்டது.

பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது முக்கியமான ஒன்று தெரிந்தது. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அவர்களுள் பலருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களுக்குத் தீமை குறைவாக இருந்தது. இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் இந்த எல்லையையே பின்பற்றுகின்றன. தோலில் ஒட்டும் பட்டையிலும் பூசும் களிம்பிலும் இரத்தம் உறையும் வாய்ப்பு மாத்திரையைவிடக் குறைவு என்றும் கருதப்படுகிறது.

தசைக்குக் கிடைத்த விடை

பின்லாந்தின் யுவாஸ்கியூலா பல்கலைக்கழகத்தில் ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரிகள் 15 இணைகளை ஆராய்ந்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் ஹார்மோன் எடுத்தவர், மற்றவர் எடுக்காதவர். மரபணு ஒன்றே என்பதால் ஒப்பீடு நம்பத்தக்கது. ஹார்மோன் எடுத்தவர் வேகமாக நடந்தார், கூடுதல் உயரம் குதித்தார். அதே நாட்டில் 50 முதல் 57 வயது வரையுள்ள 80 பெண்களிடம் ஓராண்டு நடந்த மற்றோர் ஆய்வில், ஹார்மோனும் குதித்தல் போன்ற பயிற்சியும் சேர்ந்தபோது தொடைத் தசை நன்கு மேம்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான கணக்கு, ஹார்மோன் எடுத்தவர்களின் வலிமை ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதல் என்றது.

இவை நம்பிக்கை தருகின்றன. ஆனால் மறுபக்கமும் உண்டு. 2019இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 12 ஆய்வுகளில் இருந்த 4,474 பெண்களின் தசை அளவைக் கணக்கிட்டது. ஹார்மோன் எடுத்தவர்கள் இழந்த தசை, எடுக்காதவர்களைவிட 0.06 கிலோ, அதாவது 60 கிராம் மட்டுமே குறைவு. தற்செயலாகவே நேரக்கூடிய சிறு வேறுபாடு இது. பெண்கள் நல முன்னெடுப்பில் 65 வயதைக் கடந்தவர்களின் கைப்பிடி வலிமை, நாற்காலியிலிருந்து எழும் திறன், நடை வேகம் ஆகியவற்றை ஆறு ஆண்டுகள் அளந்தபோது, ஹார்மோன் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே அளவில்தான் பின்னடைந்தனர்.

ஆக, மாதவிடாய் நின்ற புதிதில் தொடங்கினால் தசைக்குச் சிறு நன்மை இருக்கலாம். அறுபத்தைந்து வயதுக்குமேல் வலிமை வேண்டித் தொடங்கினால் நன்மை தெரியவில்லை, தீமை கூடுகிறது. எலும்பு முறிவு குறைவதற்குக் காரணம் எலும்பு உறுதிப்படுவது. விழுவது குறைவதாக நிறுவப்படவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாட்பட்ட நோய்களைத் தடுக்கும் நோக்கில் மட்டும் ஹார்மோன் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2022இல் மீண்டும் பரிந்துரைத்தது.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

உடல் கொதிப்பும் உறக்கமின்மையும் வாட்டுகின்ற, 60 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு இச்சிகிச்சை நல்ல பயன் தரும். உறக்கம் சீரானால் பகல் தள்ளாட்டமும் குறையும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலிலோ நுரையீரலிலோ இரத்த உறைவு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவை உள்ளவர்களுக்கு இது ஆகாது.

தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. அது இளம் வயதிலேயே கருப்பை அகற்றப்பட்ட பெண்கள். 2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் ஏறத்தாழ 3 சதவீதத்தினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். பக்கத்து ஆந்திரத்தில் இது ஏறத்தாழ 9 சதவீதம். கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுபோகிறது. சூலகத்தை விட்டுவைத்தாலும் அது முன்னதாகவே ஓய்ந்துவிடுவது உண்டு. 35 வயதில் சூலகத்தை இழந்தவர் 60 வயதை எட்டும்போது, அவருடைய எலும்பு ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் 25 ஆண்டுகளைக் கழித்திருக்கும். இவர்களுக்கு, தடை ஏதும் இல்லையெனில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதே சரி என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஆனால் அறுவை முடிந்து தையல் பிரித்ததோடு பலரும் மருத்துவமனைப் பக்கம் திரும்புவதில்லை. உங்கள் வீட்டில் இப்படிப்பட்டவர் இருந்தால், சூலகமும் எடுக்கப்பட்டதா என்று பழைய மருத்துவச் சீட்டில் பாருங்கள். இந்த ஒரு வினாவே அவருடைய முதுமையை மாற்றக்கூடும்.

விழுவதைக் குறைப்பவை

உடற்பயிற்சி: 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளை, 23,407 முதியவர்களை உள்ளடக்கிய காக்ரேன் தொகுப்பாய்வு 2019இல் வெளிவந்தது. உடற்பயிற்சி விழுதலை 23 சதவீதம் குறைக்கிறது என்பது அதன் முடிவு. சமநிலைப் பயிற்சியோடு வலிமைப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு 34 சதவீதம் வரை இருந்தது. வெறும் நடை மட்டும் விழுதலைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. "தினமும் நடக்கிறேனே" என்று நிறைவடையும் பலரும் அறிய வேண்டிய செய்தி இது. நடை இதயத்துக்கு நல்லது. தடுக்கும்போது தாங்கிக்கொள்ளத் தனிப் பயிற்சி வேண்டும்.

வைட்டமின் டி: வெயில் மிகுந்த ஊராயினும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் நம் பெண்கள் பலரிடம் இது குறைவு. குறைவு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்க வேண்டும். மிகுந்தால் நல்லது என்று எண்ணக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை 5 இலட்சம் அலகு கொடுத்தபோது விழுதல் 15 சதவீதம் கூடியது. எலும்பு முறிவும் கூடியது.

கண்: இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயதைக் கடந்த 306 பெண்களிடம் 2005இல் வெளியான ஆய்வு, முதல் கண்ணின் கண்புரையைக் காலம் தாழ்த்தாமல் அகற்றினால் விழுதல் 34 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. "இன்னும் கொஞ்சம் முற்றட்டும்" என்று காத்திருப்பது நல்லதன்று.

மருந்துகள்: உறக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, அளவு மிகுந்த இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும் மருந்து ஆகியவை தள்ளாட்டம் தரும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் சொல்ல வேண்டும். மருத்துவரைக் கேளாமல் எதையும் தாமாக நிறுத்தக் கூடாது.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

தசை நலிவுக்கான ஆசியப் பணிக்குழு 2019இல் நம் உடலமைப்புக்கு ஏற்ற அளவுகளை வெளியிட்டது. அவற்றுள் மூன்றை மாணவர்களே தம் பாட்டிக்கு அளந்து பார்க்கலாம். ஒருவர் பக்கத்தில் துணை நிற்க வேண்டும்.

1. தையற்காரர் நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளக்கவும். பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனம் தேவை.

2. சுவரோரம் அசையாத நாற்காலியை வைத்து, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லவும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலிமை குறைவு.

3. தரையில் 6 மீட்டர் அளந்து வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லவும். 6 விநாடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி மருத்துவமனையில் இருக்கும். பெண்களுக்கு 18 கிலோவுக்குக் குறைந்தால் தசை நலிவு இருக்கலாம். ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை, புட்டி மூடியைத் திறக்க முடியவில்லை என்று அம்மா சொல்வதும் அதே அறிகுறிதான்.

எளிய பயிற்சிகள்

நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 1990களில் உருவாக்கப்பட்ட வீட்டுப் பயிற்சித் திட்டம் விழுதலை ஏறத்தாழ 35 சதவீதம் குறைத்தது. அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நம் வீட்டுக்கு ஏற்ப இப்படிச் செய்யலாம்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 முறை. மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொட, சுவரோரமாக அடிமேல் அடி வைத்து நடப்பது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது 10 முறை. கைப்பிடி உள்ள மாடிப்படியின் முதல் படியில் ஏறி இறங்குவது. குக்கர் விசில் வரும் நேரத்தில் இவற்றுள் இரண்டைச் செய்துவிடலாம்.

முன்பு அம்மியில் அரைக்கவும், தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் நறுக்கவும், குனிந்து கோலம் போடவும் ஒரு நாளில் பலமுறை உட்கார்ந்து எழுந்தனர். மிக்ஸியும் மேடையும் உழைப்பைக் குறைத்தன. அது நல்லதே. ஆனால் அந்த உட்கார்ந்து எழும் பயிற்சியும் கூடவே போய்விட்டது. அதைத் தனியே மீட்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது சமநிலை, வலிமைப் பயிற்சி வேண்டும் என்பது முதியோருக்கு உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020 பரிந்துரை. எலும்பு மெலிவோ முழங்கால் வலியோ உள்ளவர்கள் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு தொடங்குவது நல்லது.

உணவு

பயிற்சி செய்தாலும் தசையைக் கட்டப் புரதம் வேண்டும். முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையிலும் ஒரு டம்ளர் பாலிலும் தலா 6 கிராம் அளவிலும், ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையில் ஏறத்தாழ அதே அளவும், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவும் புரதம் உண்டு. நம் வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சிய சோற்றை ரசமோ மோரோ ஊற்றிச் சாப்பிடுபவர் பெரும்பாலும் அம்மாதான். குழம்பில் கிடந்த பருப்பும் மீனும் அதற்குள் தீர்ந்திருக்கும். இரவில் "எனக்கு இரண்டு இட்லி போதும்" என்பார். அந்த இட்லியோடு சுண்டலோ முட்டையோ சேர்வது ஹார்மோன் மாத்திரையைவிட அவருடைய தொடைக்கு நெருக்கமான உதவி. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

எண்ணெய்க் குளியலுக்குப் பின் குளியலறைத் தரையில் எண்ணெயும் சீயக்காயும் படிந்திருக்கும்; உடனே தேய்த்துக் கழுவ வேண்டும். கழிப்பறையிலும் குளியலறையிலும் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டும். துண்டு மாட்டும் கம்பி உடல் எடையைத் தாங்காது. இரவில் சிறுநீர் கழிக்க எழும் வழியில் சிறு விளக்கு எரிய வேண்டும். மடங்கிக் கிடக்கும் கால்மிதி, தரையில் ஓடும் மின்கம்பி, தேய்ந்த ரப்பர் செருப்பு, தரையில் புரளும் நைட்டி, உயரமான நிலைப்படி ஆகிய ஐந்தும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்த வாசலைச் சுரண்டிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் உதவி கிடைக்கும் இடங்கள்

இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித் துறையாக வளர்ந்ததில் சென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. மருத்துவர் வ. செ. நடராசன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு மேற்படிப்பு ஏற்பட்டது. கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகிறது. எழுந்து நடக்க இயலாதவர்களுக்கு அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதைக் கேட்கலாம். முதியோர் உதவிக்கான கட்டணமில்லா எண் 14567.

விழுந்துவிட்டால்

உடனே தூக்கி நிறுத்தக் கூடாது. எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். எண்ணெய் தடவி உருவுவதும் தாமாகக் கட்டுப் போடுவதும் நிலைமையைக் கெடுக்கும். தலையில் அடிபட்டவர், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவராக இருந்தால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடி ஏதும் படாவிட்டாலும் விழுந்ததை மறைக்கக் கூடாது. பிள்ளைகள் வெளியே விடமாட்டார்கள் என்று அஞ்சிப் பல தாய்மார்கள் சொல்வதில்லை. ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த முதல் செய்தியே தடுப்புக்கு நல்ல தொடக்கம். பிள்ளைகளும் திட்டாமல் கேட்க வேண்டும்.

தொகுப்பு

ஹார்மோன் சிகிச்சை, உரிய வயதில், உரிய காரணத்துக்காக, மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் நன்மை தரும். எலும்பை அது காக்கிறது. தசைக்கு அது தரும் உதவி சிறிது. விழாமல் தடுக்கும் மருந்தாக அதைக் கொள்ள இடமில்லை. இளம் வயதில் சூலகத்தை இழந்தவர்கள் இதுபற்றி மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும். மற்றவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி, புரதம், தெளிந்த கண், வழுக்காத தரை, அளவான மருந்து ஆகியவையே துணை. எழுபது வயதில் தொடங்கினாலும் தசை பயிற்சிக்கு இணங்கி வளரும். மலையடிவாரத்தில் உட்கார்ந்துவிட்டவர் அடுத்த ஆண்டு பத்துப் படி ஏறினாலும் அது மருத்துவ முன்னேற்றமே.